லித்தியமும் என் கையெழுத்தும்

பக்க வடிவமைப்பு செய்யும் பெண் ஒருநாள் காலையில் கூப்பிட்டாள். "மேடம், 43ஆம் பக்கத்துல 'க' மேல ஒண்ணு வெச்சிருக்கீங்க. அது புள்ளியா, இல்ல சும்மா பேனா பட்டதா?" நான் திருத்தி அனுப்பிய தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பார்த்தேன். புள்ளி எழுத்தின் தலையில் இல்லை. வலப்பக்கம் தள்ளிப்போய், அடுத்த எழுத்தின் மேல், சின்னக் கோடாக இழுபட்டுக் கிடந்தது. அதே பக்கத்தில் இன்னும் நான்கு இடங்களில் அப்படியே.

மெய்ப்புத் திருத்துவது என் வேலை. 18 வருடமாக இதைத்தான் செய்கிறேன். எல்லாம் திரைக்குப் போய்விட்டாலும், கடைசி மெய்ப்பைத் தாளில் சிவப்புப் பேனாவால் பார்த்துக் கொடுக்கச் சொல்கிற பதிப்பாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழில் ஒரு புள்ளி விட்டுப்போனால் 'கல்' 'கல' ஆகிவிடும். புள்ளியைச் சரியான இடத்தில் வைப்பதுதான் எனக்குச் சம்பளம் என்றே சொல்லலாம்.

கையை மேசைமேல் வைத்துப் பார்த்தேன். அசையாமல் இருந்தது. பேனாவை எடுத்து, தாளுக்கு ஒரு விரற்கடை மேலே நிறுத்தினேன். பேனா முனை அதிர்ந்துகொண்டிருந்தது. பெரிய ஆட்டமில்லை. வீணையின் தந்தியை மீட்டிய பிறகு கொஞ்ச நேரம் இருக்குமே, அந்த மாதிரி மெல்லிய, வேகமான அதிர்வு. லித்தியம் மாத்திரை தொடங்கி அப்போது ஐந்து வாரம் ஆகியிருந்தது.

எனக்கு இருப்பது இருமுனைப் பிறழ்வு. பைபோலார் என்றால் பலருக்கும் சட்டென்று புரியும். அந்தக் கதையை இங்கே விரிக்கப்போவதில்லை. லித்தியத்துக்கு முந்தைய இரண்டு வருடங்களில் இரண்டு தடவை தலைகால் தெரியாமல் மேலே ஏறினேன், இரண்டு தடவை படுக்கையை விட்டு எழ முடியாத ஆழத்தில் விழுந்தேன் என்பது போதும். மருந்து தொடங்கிய மூன்றாவது வாரத்தில் ஓர் இரவு முழுக்கத் தூங்கி, காலையில் ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி வெகுநேரம் படுத்திருந்தேன். மனம் அதனதன் இடத்தில் இருந்தது. அந்தக் காலையைக் கொடுத்த மருந்து எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால்தான், அதற்குப் பிறகு நான் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்பது புரியும்.

நடுக்கத்தைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு அது எங்கும் தெரிந்தது. சும்மா இருக்கும் கையில் அது இல்லை. ஒரு வேலைக்காகக் கையை நீட்டும்போது, எதையாவது தூக்கிப் பிடிக்கும்போது வந்துவிடும். பூட்டில் சாவியை நுழைக்கும்போது, ஊசியில் நூல் கோக்கும்போது, செல்பேசியில் ஓர் எழுத்தைத் தொடப் போனால் பக்கத்து எழுத்து விழும்போது. எல்லாவற்றையும்விட மோசம், நிரம்பிய கோப்பையைத் தட்டோடு ஏந்தி நான்கு பேர் இருக்கும் அறைக்குள் நடப்பது. கோப்பை தட்டில் மோதிக் கிணுகிணுவென்று சத்தம் போடும். பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு என் கையைப் பார்ப்பார்கள்.

பார்ப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்துத்தான் அர்த்தம் செய்துகொள்வார்கள். ஒரு கூட்டத்தில் எனக்கு ஒலிவாங்கியை நீட்டியவர், "பயப்படாதீங்க, நம்மாளுங்கதான்" என்றார். எனக்குப் பயமே இல்லை. ஒரு உறவுக்காரர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, நான் குடிக்கிறேனா என்று விசாரித்திருக்கிறார். ஒரு வங்கியில் கையொப்பம் ஒத்துப்போகவில்லை என்று மூன்று தடவை போடச் சொன்னார்கள். மூன்றும் மூன்று விதமாக வந்தன. வரிசையில் பின்னால் நின்றவர்களின் பார்வை முதுகில் பட்டபோது நான்காவது இன்னும் கோணலாக விழுந்தது.

இந்த நடுக்கத்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. யாராவது பார்க்கிறார்கள் என்றால் கூடும். பதற்றத்தில் ரத்தத்தில் ஏறும் அட்ரினலின் நடுக்கத்தைப் பெருக்குகிறது. நடுங்குமோ என்ற பயமே கையை நடுக்கும். அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். அதனால் நான் மறைக்கப் பழகினேன். கோப்பையை யாராவது மேசையில் வைத்துவிட்டுப் போகும்வரை காத்திருப்பேன். நாலு பேர் முன்னால் எழுத மாட்டேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடறேன்" என்பேன். கைகளைக் கோத்து மடியில் வைத்துக்கொள்வேன். கொஞ்சம் கொஞ்சமாக, வேலைக்காக ஆட்களைச் சந்திப்பதையே குறைத்துவிட்டேன்.

ஏழு மாதம் இப்படிப் போனது. அந்த ஏழு மாதத்தில் நான்கு முறை மருத்துவரிடம் போனேன். நான்கு முறையும் கடைசியில் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?" நான்கு முறையும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். "ஒண்ணுமில்ல டாக்டர்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். மனம் சரியாக இருக்கும்போது கை நடுங்குகிறது என்று புகார் சொல்வது நன்றிகெட்டத்தனம் போலத் தோன்றியது. சொன்னால் மருந்தையே நிறுத்திவிடுவாரோ என்ற பயம் இருந்தது. இதெல்லாம் என் பலவீனம்தான், மனதைத் திடப்படுத்தினால் கையும் நிற்கும் என்றும் நினைத்தேன். அப்புறம், இதற்கெல்லாம் அடியில் ஒன்று இருந்தது. என் நோய் வெளியே தெரியாத நோய். யாரிடமும் சொல்லாமல் என்னால் அதைச் சுமந்துகொண்டு நடமாட முடிந்தது. நடுக்கம் அந்த ரகசியத்தை என் விரல் நுனிக்குக் கொண்டுவந்துவிட்டது. கை நடுங்குகிறது என்று உரக்கச் சொன்னால், ஏன் என்ற கேள்வி அடுத்து வரும். அந்தக் கேள்விக்கு நான் தயாராக இல்லை, மருத்துவரின் அறையில்கூட.

ஏழாவது மாத முடிவில், யாரையும் கேட்காமல், மூன்று மாத்திரையை இரண்டாக்கினேன். ஒரு வாரம் கழித்து ஒன்றாக்கினேன்.

நடுக்கம் குறைந்தது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம்மில் பலர் ஏமாறுகிறோம். லித்தியம் தரும் நடுக்கம் பெரும்பாலும் மருந்தின் அளவோடு ஏறி இறங்கும். குறைத்தால் குறையும். பத்து நாளில் என் புள்ளிகள் எழுத்தின் தலையில் போய் உட்கார்ந்தன. ஒரு முழுப் பக்கத்தைத் திருத்திவிட்டு, பழைய கையெழுத்து திரும்பிவிட்டது என்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் நாளுக்கு நாள் கூடியது. தூக்கம் நாளுக்கு நாள் குறைந்தது. நான்கு மணி நேரம், பிறகு மூன்று. அப்போது கையில் இருந்த மெய்ப்பில் பிழை திருத்துவதை விட்டுவிட்டு, ஆசிரியரின் வாக்கியங்களையே மாற்றி எழுத ஆரம்பித்திருந்தேன். ஓரங்களில் இடம் போதாமல் தனித்தாள் ஒட்டி எழுதினேன். 200 பக்கப் புத்தகத்துக்கு என் குறிப்புகள் 90 தாள். அவற்றைப் பார்த்த பதிப்பாளர் என்னிடம் எதுவும் கேட்காமல் அக்காவுக்குப் போன் செய்திருக்கிறார்.

அக்கா வந்தாள். மேசையைப் பார்த்தாள். மாத்திரை அட்டையைக் கேட்டாள். எண்ணினாள். "எத்தனை நாளாடி?" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினாலோ வேகமாகக் குறைத்தாலோ, முதல் சில மாதங்களில் நோய் திரும்பும் வாய்ப்பு மிக அதிகம், அதிலும் மேனியாவாக, அதாவது மனம் தலைகால் தெரியாமல் மேலே ஏறும் நிலையாகத் திரும்புவது. மருந்தைக் குறைத்தே ஆக வேண்டும் என்றாலும் வாரக்கணக்கில், முடிந்தால் மாதக்கணக்கில், மருத்துவரின் கண்காணிப்பில் மெல்ல மெல்லக் குறைக்கிறார்கள். தற்கொலை ஆபத்தைக் குறைப்பதாக வலுவான சான்றுகள் உள்ள மிகச் சில மனநல மருந்துகளில் லித்தியம் ஒன்று. அப்படிப்பட்ட மருந்தை, கோப்பை சத்தம் போடுகிறதே என்று நான் பாதிக்கும் கீழே கொண்டுபோயிருந்தேன். அந்தச் சத்தம் சின்ன விஷயமில்லை என்று இன்றும் சொல்வேன். ஆனால் அதற்கு வேறு வழிகள் இருந்தன. எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் கேட்கவில்லை.

கொஞ்சம் தெளிந்த பிறகு, அக்காவோடு மருத்துவரின் முன்னால் உட்கார்ந்து, முதல் தடவையாகச் சொன்னேன். "கை நடுங்குது டாக்டர். அதனாலதான் குறைச்சேன்."

அவர் திட்டவில்லை. "முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றும் சொல்லவில்லை. "கையை நீட்டுங்க, பார்ப்போம்" என்றார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை அகட்டச் சொன்னார். விரல்கள்மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத அதிர்வைத் தாளின் ஓரம் காட்டிக்கொடுத்தது, இலை நுனி துடிப்பது போல. பிறகு என் ஆள்காட்டி விரலால் அவர் விரலைத் தொட்டு, என் மூக்கைத் தொட்டு, மறுபடி அவர் விரலைத் தொடச் சொன்னார். கைகளை மடியில் தளர்வாகப் போட்டுக்கொண்டு நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லச் சொன்னார். சும்மா இருக்கும்போது கை ஆடுகிறதா என்று பார்க்கத்தான் அது. மணிக்கட்டைப் பிடித்து மெல்லச் சுழற்றி, விறைப்பு இருக்கிறதா என்று பார்த்தார். கோட்டின்மேல் நடப்பது போல, குதிகாலும் பெருவிரலும் ஒட்ட நடக்கச் சொன்னார். கடைசியில் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, கையை மேசையில் ஊன்றாமல், நடுவிலிருந்து வெளியே விரியும் ஒரு சுருளை வரையச் சொன்னார். ஆர்க்கிமிடிஸ் சுருள் என்பார்கள். என் சுருளின் கோடு முழுக்கச் சின்னச் சின்னப் பற்கள், ரம்பம் மாதிரி.

"வீட்டுல வேற யாருக்காவது கை நடுங்குமா?" என்று கேட்டார். அக்காதான் சொன்னாள். "அம்மாவுக்கு வயசான காலத்துல நடுங்கும். டம்ளரை ரெண்டு கையால பிடிப்பாங்க." எனக்கு அது மறந்தே போயிருந்தது. குடும்பத்தில் நடுக்கம் இருந்தால் லித்தியத்தில் நடுங்கும் வாய்ப்பும் கூடுதலாம். வயது கூடினாலும், சில மனச்சோர்வு மருந்துகளோ வேறு மருந்துகளோ சேர்ந்தாலும் கூடும்.

அன்றைக்கு அவர் சொன்னவற்றை நான் தாளில் குறித்துக்கொண்டேன், நடுங்கும் எழுத்தில்தான். முதல் விஷயம், எல்லோர் கையும் நடுங்குகிறது. ஆரோக்கியமான மனிதரின் நீட்டிய கையிலும் விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை அதிர்வு உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. லித்தியம் அதைத்தான் பெருக்கிக் காட்டுகிறது. புதிதாக ஒரு நோய் வந்து கையில் ஏறிக்கொள்ளவில்லை என்று கேட்டபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இணையத்தில் தேடித் தேடி, எனக்குப் பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்துவிட்டது என்று இரவில் விழித்துக் கிடந்திருக்கிறேன். பார்க்கின்சன் நடுக்கம் வேறு மாதிரி. அது மெதுவானது, விநாடிக்கு நான்கு முதல் ஆறு முறை. சும்மா இருக்கும் கையில் வரும், கை வேலை செய்யும்போது தணியும். உடம்பில் விறைப்பும் மந்தமும் சேர்ந்திருக்கும். எழுத்து வரவரப் பொடியாகச் சுருங்கும். என் எழுத்து சுருங்கவில்லை, பல்பல்லாக உடைந்திருந்தது. இந்தப் பார்க்கின்சன் சாயல் நடுக்கத்தைத் தரும் மனநல மருந்துகளும் உண்டு, ஆன்டிசைக்காடிக் என்று சொல்லும் வகை. பலருக்கு லித்தியத்தோடு அதையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். எந்த மருந்து கையை ஆட்டுகிறது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் தீர்வு வேறு. ஆன்டிசைக்காடிக் நடுக்கத்துக்குக் கொடுக்கும் டிரைஹெக்ஸிஃபெனிடில் மாத்திரை லித்திய நடுக்கத்துக்குப் பொதுவாக உதவாது.

லித்தியம் எடுப்பவர்களில் எத்தனை பேருக்கு நடுக்கம் வருகிறது என்பதில் ஆய்வுக்கு ஆய்வு எண்கள் மாறுகின்றன. ஏறத்தாழ நால்வரில் ஒருவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இருமுனைப் பிறழ்வுக்குக் கொடுக்கும் இன்னொரு மருந்தான வால்ப்ரோயேட் எடுப்பவர்களுக்கும் இதே வகை நடுக்கம் வரும், அங்கேயும் அளவோடு சேர்ந்து ஏறும். காத்திருக்கும் கூடத்தில் என் பக்கத்தில் அடிக்கடி உட்காரும் ஒருவர் வால்ப்ரோயேட்தான் எடுக்கிறார். எங்கள் இருவருக்கும் பேச்சு ஆரம்பித்ததே அவர் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியின் மூடி திறக்க வராமல் ஆடியபோதுதான். இதே நோய்க்குக் கொடுக்கும் லாமோட்ரிஜினில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் மேனியாவைத் தடுப்பதில் அது லித்தியம் அளவுக்கு வலுவானதல்ல. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று என்று சுலபமாக மாற்றிக்கொள்ள முடிவதில்லை.

பிறகு ரத்தப் பரிசோதனை. லித்தியத்தின் அளவை, கடைசி மாத்திரை எடுத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு எடுத்தால் காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால் அளவு பொய்யாகக் கூடுதலாகத் தெரியும். நோய் திரும்பாமல் காப்பதற்கு லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை பலருக்குப் போதும். சிலருக்கு 1.0 வரை தேவைப்படும். 1.5ஐத் தாண்டினால் நச்சுத்தன்மையின் அறிகுறிகள் தலைகாட்டும். பலனுக்கும் ஆபத்துக்கும் நடுவில் அவ்வளவு குறுகிய இடைவெளிதான். கூடவே சிறுநீரகம், தைராய்டு சோதனைகளும் செய்தார்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் கை நடுங்கும் என்பதால் அதையும் விலக்கிப் பார்த்தார்.

அந்தக் குறுகிய இடைவெளிக்கு ஒரு வரலாறு உண்டு. அதைப் படித்த பிறகு ரத்தம் கொடுக்கப் போகும்போது நான் அலுத்துக்கொள்வதில்லை. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், மேனியாவில் இருந்த பத்து நோயாளிகளுக்கு லித்தியம் கொடுத்து, பலன் கிடைத்ததை 1949இல் எழுதினார். அவர் முதன்முதலில் மருந்து கொடுத்தவர் ஐந்து வருடமாக மேனியாவில் இருந்த மனிதர். சில மாதங்களில் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கும் வேலைக்கும் திரும்பினார். ஆனால் மருந்தை விட்டார், நோய் திரும்பியது, மறுபடி மருந்து, மறுபடி சிக்கல். 1950இல் லித்திய நச்சுத்தன்மையாலேயே இறந்துபோனார். கேட் எழுதிய அதே 1949இல், அமெரிக்காவில் இதய நோயாளிகள் உப்புக்குப் பதிலாகப் பயன்படுத்திய லித்தியம் குளோரைடால் உயிரிழப்புகள் நேர்ந்து, அது கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ரத்தத்தில் லித்தியத்தை அளந்து பார்த்துக் கொடுக்கும் முறை பழக்கத்துக்கு வந்த பிறகுதான் இந்த மருந்தை நம்பிக் கொடுக்க முடிந்தது. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷவ் போன்றவர்கள் 1950களிலிருந்து பல வருடம் அதற்காக உழைத்தார்கள். அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1970இல். அந்த முதல் நோயாளியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவருக்கு அளவு பார்த்துக் கொடுக்கும் முறை அப்போது பழக்கத்தில் இல்லை. எனக்கு இருந்தது. நானோ என் இஷ்டத்துக்கு மாத்திரையை எண்ணிக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

என் பழைய டோஸில் அளவு 0.9 இருந்திருந்தது. மருத்துவர் அதைக் கொஞ்சம் இறக்கி 0.7 பக்கம் கொண்டுவந்தார், இந்த முறை அவர் பார்த்துக்கொண்டே. சாதாரண மாத்திரைக்குப் பதிலாக மெல்ல மெல்லக் கரையும் வகையை எழுதினார். மாத்திரை எடுத்த பிறகு ரத்தத்தில் மருந்து உச்சத்துக்கு ஏறும் நேரத்தில்தான் நடுக்கமும் அதிகம். மெல்லக் கரையும் மாத்திரையில் அந்த உச்சம் தாழ்வாக இருக்கும். மொத்த அளவையும் இரவிலேயே எடுத்தால், உச்சம் வரும்போது நாம் தூங்கிக்கொண்டிருப்போம். கேட்பதற்கு எவ்வளவு எளிது! ஏழு மாதம் நான் பட்டது இந்த மூன்று மாற்றங்களில் பாதியாகக் குறைந்தது.

காபியைப் பற்றியும் கேட்டார். நாளுக்கு ஐந்தாறு கோப்பை குடிப்பேன் என்றேன். காஃபீன் நடுக்கத்தைத் தூண்டும், அதனால் குறைப்பது நல்லது. ஆனால் ஒரே நாளில் விட்டுவிடக் கூடாது என்று அழுத்திச் சொன்னார். காஃபீன் லித்தியத்தைச் சிறுநீர் வழியாக வெளியேற்ற உதவுகிறது. திடீரென்று காபியை நிறுத்தினால் லித்தியம் உடம்பில் தங்கி அளவு ஏறிவிடும், நடுக்கம் குறைவதற்குப் பதிலாகக் கூடலாம். ஒரு மாதத்தில் இரண்டு கோப்பைக்கு வந்தேன். பிறகு மறுபடி ரத்தம் பார்த்தார்கள்.

மீதி நடுக்கத்துக்கு ப்ரொப்ரனலால். எழுதுவதற்கு முன் ஆஸ்துமா உண்டா, நாடித்துடிப்பு குறைவா என்று விசாரித்தார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது, ரத்த அழுத்தத்தையும் இறக்கும். எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. 20 மில்லிகிராமில் தொடங்கினார். அட்ரினலின் தசையில் போய் ஒட்டும் இடத்தை இது மறித்துக்கொள்கிறது, அதனால் கை அமைதியாகிறது. முதல் நாள், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழித்து, ஒரு தாளை எடுத்து வெறும் மெய்யெழுத்துகளாக எழுதிப் பார்த்தேன். க் ங் ச் ஞ். புள்ளிகள் ஏறக்குறைய அதனதன் இடத்தில் விழுந்தன. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

முழுவதும் போகவில்லை. இப்போதும் களைத்திருக்கும் நாளில், பசியோடு இருக்கும்போது, அவசரத்தில் நடுங்கும். அதற்குச் சில பழக்கங்கள் வைத்திருக்கிறேன். எழுதும்போது முழங்கையையும் மணிக்கட்டையும் மேசையில் நன்றாக ஊன்றிக்கொள்வேன். தடித்த, கொஞ்சம் கனமான பேனா நல்லது. கோப்பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. செல்பேசியில், விரல் கொஞ்சநேரம் அழுந்தினால்தான் தொட்டதாக எடுத்துக்கொள்ளும்படி அமைக்க முடியும். அணுகல் வசதிகள் பகுதியில் இருக்கிறது, பலருக்குத் தெரியாது.

இவை எல்லாவற்றையும்விட மருத்துவர் அன்றைக்கு அதிக நேரம் செலவிட்டது இன்னொரு நடுக்கத்தைப் பற்றி. அதைக் கட்டாயம் எழுத வேண்டும். மெல்லிய, வேகமான, பழகிப்போன நடுக்கம் தொல்லை, ஆனால் ஆபத்தில்லை. அதுவே திடீரென்று பெரிதாகி, கை தூக்கிப்போடுவது போல ஆடினால், கால்களுக்கும் பரவினால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், வாந்தியோ வயிற்றுப்போக்கோ சேர்ந்தால், தூக்கக் கலக்கமோ குழப்பமோ வந்தால், அது லித்தியம் நச்சளவுக்கு ஏறிவிட்டதன் அடையாளம். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அடுத்த வாரத் தேதிக்குக் காத்திருக்கும் விஷயமில்லை அது. லித்தியம் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கடும் வியர்வை என்று உடம்பில் நீரும் உப்பும் வற்றினால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைப்பது போல லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். யாரோ சொன்னார்கள் என்று உப்பை அடியோடு குறைப்பதும் அதே வேலையைச் செய்யும். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் அளவை ஏற்றும். இதில் எளிதாக மாட்டிக்கொள்ளும் இடம் வலி மாத்திரை. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்ஸென், இவை எல்லாம் லித்தியத்தை உடம்பில் தேக்கும். தலைவலிக்கு, மூட்டுவலிக்கு என்று யோசிக்காமல் போட்டுக்கொள்பவை. பாராசிட்டமால் அப்படிச் செய்வதில்லை.

போன வருடம் கடைவாய்ப் பல் பிடுங்க வேண்டியிருந்தது. பல் மருத்துவர் வலிக்கு மருந்து எழுதும் முன் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார். "வேற ஏதாவது மருந்து எடுத்துக்கிறீங்களா?" பழைய நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அறையில் உதவியாளர் வேறு நின்றுகொண்டிருந்தார். "லித்தியம் எடுக்கிறேன் டாக்டர்" என்றேன். எழுத ஆரம்பித்திருந்த பெயரை அடித்துவிட்டு, பாராசிட்டமால் எழுதினார். உதவியாளர் பஞ்சை எடுத்துக் கொடுத்தார். வேறொன்றும் நடக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை எத்தனை வருடம் விழுங்கியிருக்கிறேன்!

எல்லோரிடமும் எல்லாவற்றையும் சொல்வதில்லை. மருத்துவர்களிடமும் மருந்துக் கடையிலும் பெயர் சொல்லிச் சொல்வேன். மற்றவர்களிடம், "ஒரு மருந்தால கை கொஞ்சம் நடுங்கும்" என்பதோடு சரி. பெரும்பாலும் யாரும் மேலே கேட்பதில்லை. பக்க வடிவமைப்பு செய்யும் அந்தப் பெண்ணிடமும் அப்படித்தான் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் மெய்ப்புத் தாள்களில் வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி அச்சிட்டு அனுப்புகிறாள். நான் கேட்கவில்லை, அவளாகச் செய்தது. வங்கிக்கும் போய்க் கையொப்பத்தைப் புதிதாகப் பதிந்துகொண்டேன், இப்போது என் கை போடுகிற கையொப்பத்தை. சொல்லிவிட்டால் கையும் கொஞ்சம் அடங்குகிறது. மறைக்கும் வேலை இல்லாதபோது பதற்றம் குறைகிறது, பதற்றம் குறைந்தால் அட்ரினலினும் குறைகிறது. ஆனால் எனக்கு அது கணக்காகத் தெரியவில்லை. கோப்பை ஆடும்போது எதிரில் இருப்பவரின் முகத்தைத் தைரியமாகப் பார்க்க முடிகிறது, அதுதான் தெரிகிறது.

மருத்துவரின் கோப்பில் இப்போது என் சுருள்கள் ஆறு இருக்கின்றன, ஆறு மாதத்துக்கு ஒன்றாக. முதலாவதில் பற்கள் நெருக்கமாக, ஆழமாக இருக்கும். மூன்றாவது ஏறக்குறைய வழவழப்பு. ஐந்தாவதில் பற்கள் மறுபடி கொஞ்சம் எட்டிப் பார்க்கின்றன. அந்த வாரம் ஒரு பெரிய புத்தகத்துக்காக இரவெல்லாம் விழித்திருந்தேன். மருத்துவர் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. தூக்கத்தைச் சரிசெய்யச் சொல்லி அனுப்பினார்.

சென்ற வாரம் போயிருந்தேன். ரத்த அளவு 0.7. தூக்கம், வேலை, மனநிலை எல்லாம் கேட்டு எழுதி முடித்து, பேனாவை மூடப்போகும் நேரத்தில் நிமிர்ந்து பார்த்தார். "வேற ஏதாவது தொந்தரவு இருக்கா?"

பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு, இரண்டு கைகளையும் அவர் முன்னால் நீட்டினேன். தாளை என் விரல்கள்மேல் வைக்க, பக்கத்தில் இருந்த அக்கா எழுந்து வந்தாள்.